சும்மா ஒருவனின் வாசகி

சலவைக் கடையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஈ ஓட்டும் நேரம். காலையில் அரக்கப் பரக்க வந்து கோட்டையும் சட்டையையும் மேஜைமேல் வீசிவிட்டு ஓடியவர்கள் எல்லாம் இனி சாயங்காலம்தான் தலைகாட்டுவார்கள். பின்கட்டில் இஸ்திரி அண்ணன் நீராவிப் பெட்டியை அழுத்தும்போதெல்லாம் உஸ் உஸ் என்று ஒரு சத்தம். முன்மேஜையில் அவள் துணிகளுக்கு எண் சீட்டு குத்திக்கொண்டிருந்தாள். கைதான் வேலை செய்தது. மனசு வேறெங்கோ.

குத்துவதை நிறுத்தினாள். போனை எடுத்தாள். இஸ்திரி அண்ணன் வருகிறாரா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள், என்னவோ கல்லாவில் கை வைக்கப் போகிறவள் போல. பிறகு தேடும் கட்டத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள்:

'வேண்டிக்கொள்ளும்போது எதிரில் யாருமே இல்லாத மாதிரி இருந்தால் என்ன செய்வது?'

இதை அவள் கணவரிடம் கேட்க முடியாது. பிரார்த்தனைக் கூடத்தில் கேட்கவே முடியாது. கேட்டால் அன்றைக்கே நாலு பேர் வீட்டுக்கு வந்து தலைமேல் கை வைத்து வேண்டத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் போனிடம் கேட்டாள்.

போன் பதில்களைக் கொட்டியது. நம்பிக்கையை மீட்க ஏழு வழிகள் என்றது ஒன்று. ஒருவர் வீடியோவில் தொண்டை கிழியக் கத்தினார். இன்னொரு பக்கத்தில் வெறும் விளம்பரம். கீழே, கீழே தள்ளிக்கொண்டே போனபோது கடைசியில் ஒரு சின்னப் பக்கம் வந்தது. படம் இல்லை, அலங்காரம் இல்லை. மேலே 'சும்மா ஒருவன்' என்று மட்டும் போட்டிருந்தது. அதற்குக் கீழே இப்படி இருந்தது:

'இன்று காலையும் வேண்டிக்கொண்டேன். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எடுக்கவில்லையே என்று கோபம் இல்லை. அந்த நம்பரில் ஆள் இருக்கிறாரா என்றுதான் சந்தேகம். ஆனாலும் பழக்கதோஷம், நாளைக்கும் அடிப்பேன்.'

அவளுக்குத் தன் வயிற்றுக்குள் கிடந்ததை யாரோ கையை விட்டு எடுத்து மேஜைமேல் வைத்த மாதிரி இருந்தது. ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று கனைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். வீட்டில் எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பேருக்கேற்ற வால்தான். அப்பாவின் குறட்டையைப் பதிவு செய்து அவருடைய போனுக்கே அழைப்பு மணியாக வைத்துவிட்டு, வேலையிடத்தில் அவர் மானம் போகும்படி செய்தவள். கல்லூரிக்குப் போகத் தொடங்கிய வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். மூளைக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த நாட்களில் பிரார்த்தனைக் கூடமே திரண்டு வேண்டியது. கூடத்தின் போன் குழுவில் செய்தி போய், அங்கிருந்து வேறு குழுக்களுக்குப் போய், முகம் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் 'உங்கள் மகளுக்காக வேண்டுகிறோம்' என்று வந்துகொண்டே இருந்தது. இத்தனை பேர் கேட்டால் எந்தச் சாமிதான் மறுக்கும் என்று அவள் நம்பினாள். நம்பிக்கை என்றால் அப்படியொரு நம்பிக்கை.

வாலு போய்விட்டாள். குழுவில் கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. 'தோட்டக்காரன் அழகான பூவைத்தான் முதலில் பறிப்பான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். கணவர் அதைப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார். அதில் அவருக்கு ஆறுதல் கிடைத்துவிட்டது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாயில் சத்தம் வராத மனுஷன். கிணற்றில் போட்ட கல் மாதிரி எல்லாவற்றையும் உள்ளே வாங்கிக்கொள்வாரே தவிர, திருப்பித் தரமாட்டார். மகள் போன பிறகு அந்தக் கல் இன்னும் ஆழத்துக்குப் போய்விட்டது. ஆனால் கூடத்துக்குப் போவதை மட்டும் அவர் ஒரு ஞாயிறுகூட விடவில்லை. மைக் சரிபார்ப்பது அவர்தான். நோயாளிகளின் பெயர்களை வாசித்து அவர்களுக்காக வேண்டுவதும் அவர்தான். அவருடைய குரல் அங்கே மட்டும்தான் எழும்பும்.

அவருக்கு அந்தத் தூண் ஒன்றுதான் மிச்சம் என்று அவளுக்குத் தோன்றியது. தன்னுடையது எப்போதோ சாய்ந்துவிட்டது. அதற்காக அவருடையதையும் போய் ஆட்டிப் பார்ப்பதா? அதனால் ஞாயிறு தவறாமல் அவளும் குளித்துக் கிளம்பினாள், கண்ணை மூடினாள், உதட்டை அசைத்தாள்.

சும்மா ஒருவன் வாரம் ஒன்றிரண்டு எழுதுவான். பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. ஆறிப்போன தேநீரைப் பற்றி, கூட்டத்துக்கு வெளியே கழற்றிப் போட்ட செருப்புகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடப்பதைப் பற்றி, இறந்துபோனவருக்கு இணையத்தில் வருஷம் தவறாமல் வந்து குவியும் பிறந்தநாள் வாழ்த்துகளைப் பற்றி. 'வாழ்த்தியவர்களில் பாதிப் பேருக்கு அவர் இறந்தது தெரியும். தெரிந்தும் எழுதுகிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை செய்வதும் இதேதான்' என்று அதை முடித்திருந்தான். படித்துவிட்டு அவள் சிரித்தாள். சிரித்த வாயோடு கண்ணில் தண்ணீர் நின்றது.

ஒருநாள் துணிந்து கீழே கருத்து எழுதினாள். பெயர் கேட்டது. கடை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் 'ஜன்னல்' என்றே போட்டாள்.

'எனக்கும் இப்படித்தான் இருக்கிறது. வெளியில் சொன்னதில்லை.'

மறுநாள் பதில் வந்திருந்தது. 'இங்கே சொல்லுங்கள். இந்தக் கடைக்கு வேறு கிராக்கி இல்லை.'

அப்படியே பழக்கமாயிற்று. அவள் எழுதுவாள், அவன் பதில் போடுவான். ஒருமுறை அவள் எழுதினாள்: 'என் கணவர் நல்ல பக்தர். அவருக்காகத்தான் நான் இன்னும் போகிறேன். சொல்லிவிடலாமா என்று சில நேரம் தோன்றுகிறது.'

அதற்கு அவன் எழுதியிருந்தான்: 'சொல்லாதீர்கள். பாவம் அந்த மனிதர். பிடித்துக்கொள்ள ஏதோ கிடைத்திருக்கிறது. நம் கையில் ஒன்றும் இல்லை என்பதற்காக அடுத்தவர் கையிலிருந்து தட்டிவிடக்கூடாது.'

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள். எந்தப் புண்ணியவதி கொடுத்துவைத்தவளோ என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. உடனே வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்தால் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். "உப்பு சரியா இருக்கா?" என்றால் "ம்" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

மழை பெய்து கடைக்கு ஈ காக்கைகூட வராத ஒரு மதியம் புதிதாக ஒன்று வந்திருந்தது.

'என்னுடைய போன் தேய்ந்துவிட்டது. திரையில் விரிசல். புதிது வாங்குங்கள் என்று வேலையிடத்தில் திட்டுகிறார்கள். வாங்கினால் வீட்டு வைஃபைக்குக் கடவுச்சொல்லைத் திரும்பத் தட்ட வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை வைத்தது இப்போது இல்லாத ஒருத்தி. என் குறட்டையைக் கிண்டல் செய்து ஒரே சொல், அதன் பின்னால் இரண்டு ஆச்சரியக்குறி. அதை என் விரலால் தட்டும் தைரியம் எனக்கு இல்லை. மாற்றவும் தைரியம் இல்லை. கடவுளிடம் பேச ஒரு சொல்லும் வராதவனுக்கு, வீட்டுச் சுவருக்குள் ஒரு சொல் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.'

அவள் அதைத் திரும்ப ஒருமுறை படித்தாள். குறட்டை. இரண்டு ஆச்சரியக்குறி. தன் போனைப் பார்த்தாள். அதே சொல்லைத் தட்டித்தான் அவளும் தன் போனை வீட்டு வைஃபையில் இணைத்திருந்தாள். வாலு பக்கத்தில் நின்று, "இன்னொரு ஆச்சரியக்குறி போடும்மா, அப்பா குறட்டைக்கு ஒண்ணு பத்தாது" என்று சிரித்ததுகூட ஞாபகம் வந்தது.

"என்னம்மா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு?" என்று இஸ்திரி அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அன்று முதல் சும்மா ஒருவன் எழுதிய அத்தனையையும் முதலிலிருந்து படித்தாள். தெரிந்த பிறகு படித்தால் எல்லாமே பட்டவர்த்தனமாக இருந்தது. 'லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கும் நண்பர் ஒருவர் சொன்னார்' என்று ஓரிடத்தில் தொடங்கியிருந்தார். நண்பராம், நண்பர்! 'ஏற்கெனவே விளக்கெரியும் பொத்தானை எல்லாரும் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்கள். அழுத்துவதால் லிஃப்ட் சீக்கிரம் வந்துவிடாது. ஆனால் அழுத்தாதீர்கள் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. நிற்கிற நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை வேண்டாமா?' பூவைப் பறிக்கும் தோட்டக்காரனைப் பற்றியும் ஒன்று இருந்தது. அதை அவளால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

அவளைப் பற்றியும் இருந்தது.

'சாப்பிடும் முன் என் மனைவி கண்ணை மூடி வேண்டிக்கொள்வாள். நான் பாதியில் கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பேன். உதடு அசைந்துகொண்டே இருக்கும். அவளுக்கு எல்லாம் போய்விட்டது, அந்த அசைவு மட்டும் இருக்கிறது. அது நின்றுபோனால் அவளும் நின்றுபோவாள். அதற்காகத்தான் போகிறேன், வாசிக்கிறேன், பாடுகிறேன். நடிப்பதில் ஒரு குறையும் வைப்பதில்லை.'

அந்த அசைவில் என்ன இருந்தது என்று அவளுக்குத்தான் தெரியும். சில நாள் அடுத்த நாள் சமையலுக்கு என்ன வாங்குவது என்று முணுமுணுப்பாள். சில நாள் வெறுமனே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் எழுதியிருந்ததைப் படித்த பிறகு, சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும் என்ற பயம் ஒன்று. இன்னொன்று, சொன்னால் சும்மா ஒருவன் போய்விடுவான். வீட்டிலிருக்கும் மனுஷன் அவளிடம் பேசுவதில்லை. பேசுகிறவன் அந்த இணையப் பக்கத்தில்தான் இருக்கிறான். ஆகவே ஜன்னல் தொடர்ந்து எழுதினாள். கட்டின புருஷனோடேயே கள்ளத்தனமாகப் பழகுகிற பெண் உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று ஒருநாள் தோன்றியது. அவர் ஜன்னலிடம் அவ்வளவு கனிவாக எழுதுவதைப் பார்த்துச் சில சமயம் பொறாமைகூட வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் பிரார்த்தனைக் கூடத்தின் தலைவர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், குரல்தான் கொஞ்சம் பெரிது. சின்ன வீட்டில் அது இடிக்கும்.

"நம்ம கூட்டத்த இப்ப நேரலையில விடறோம், தெரியுமில்ல? எங்கெங்கயோ இருந்து பாக்கறாங்க. வர்ற ஞாயித்துக்கெழம நீங்க ரெண்டு பேரும் பேசணும். இவ்வளவு பெரிய இழப்புல உங்கள நம்பிக்கை எப்படித் தாங்குச்சுன்னு சொல்லணும். எத்தன பேருக்கு ஆறுதலா இருக்கும்!"

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒரு விநாடி ஏதோ ஓடி மறைந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது அவளுக்குத் தெரிந்தது.

"இவளுக்கு அது ஆறுதலா இருக்கும்னா நான் பேசறேன்" என்றார் அவர்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாங்க."

"எனக்கென்ன கஷ்டம்? உனக்காகத்தான் யோசிக்கறேன்."

"பாத்தீங்களா, என்ன ஒத்துமை!" என்றார் தலைவர். "அண்ணன் பேசட்டும், அக்கா பக்கத்துல நின்னா போதும்."

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. நடுவில் முக்காலிமேல் ஒரு போனை நிற்க வைத்திருந்தார்கள், அதுதான் நேரலை. கணவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்கினார். பக்கத்தில் தலைகுனிந்து நின்றவளுக்கு முதல் வாக்கியமே தூக்கிப்போட்டது.

"நாம வேண்டிக்கும்போது சில நேரம் மறுமுனையில மணி அடிச்சிக்கிட்டே இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க. அதுக்காக வச்சிடாதீங்க. எடுக்கற நேரம் அவருக்குத் தெரியும்."

அவர் எழுதியதேதான். துணியை உட்புறம் வெளியே திருப்பிப் போட்ட மாதிரி, ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டுச் சொன்னார். பொத்தானைச் சொன்னார், செருப்புகளைச் சொன்னார். இணையப் பக்கத்தில் அழுதுகொண்டு கிடந்த வாக்கியங்களெல்லாம் இங்கே துடைத்த முகத்தோடு வந்து நின்றன. தோட்டக்காரனைச் சொல்ல வந்தபோது மட்டும் நிறுத்தி, மைக்கை மறுபடி தட்டிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அதையும் சொல்லி முடித்தார். கூடமே அழுதது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது ஒரு பெண் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். பள்ளிக்கூட ஆசிரியை. கூடத்துக்குப் புதிது, எல்லாரும் டீச்சர் என்பார்கள்.

"அக்கா, என் பொண்ணுக்கு இதயத்துல கோளாறு. ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லியிருக்காங்க. பயந்து செத்துக்கிட்டு இருந்தேன். அண்ணா பேசினதக் கேட்டப்புறம்தான் மூச்சே வந்துச்சு. உங்க நம்பிக்கையில கொஞ்சம் எனக்கும் குடுங்கக்கா."

"ஒண்ணும் ஆகாது டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அதே வார்த்தையை அவளிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்!

வீட்டுக்கு நடந்தே போனார்கள். கடைகள் பூட்டிக் கிடந்த தெரு. கணவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி முன்னால் நடந்தார். இனிமேல் தாங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னங்க."

"ம்."

"அந்த மணி அடிக்கறது... அதுல யாரும் எடுக்கலன்னுதான எழுதியிருந்தீங்க?"

அவர் நின்றார். திரும்பவில்லை.

"என்ன எழுதியிருந்தேன்?"

"சும்மா ஒருவன்."

தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அது முனை திரும்பும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பலேர்ந்து படிக்கற?"

"ரொம்ப நாளா. நீங்கன்னு தெரியறதுக்கு முன்னாடியே. நான்தான் ஜன்னல்."

அவர் திரும்பினார். அந்த முகத்தை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அழுவார், இல்லாவிட்டால் கையைப் பிடிப்பார் என்று எண்ணியிருந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்டவனின் முகமாக இருந்தது அது.

"எல்லாத்தயும் படிச்சியா? உன்னப் பத்தி எழுதினது?"

"படிச்சேன்."

"தெரிஞ்சப்புறமும் வேற யாரோ மாதிரி எங்கிட்ட எழுதினியா?"

"நீங்களும்தான் வேற யாரோ மாதிரி எங்கூட சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க."

"அது என் இடம்" என்றார். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுலயும் வந்து உக்காந்துட்டியே."

"எனக்கும் அது ஒண்ணுதாங்க இருந்துச்சு."

அவர் திரும்பி முன்னால் நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, முதுகு காட்டியபடியே கேட்டார்: "அப்ப நீ சாப்பிடறப்ப உதட்ட அசைக்கறது?"

"ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணுவேன்."

அவர் சிரித்த மாதிரிதான் ஒரு சத்தம் வந்தது. ஆனால் அது சிரிப்பில்லை.

மறுநாள் கடையில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'நீங்கள் தேடும் பக்கம் இங்கே இல்லை' என்று வந்தது. அவர் எழுதியது, அவள் எழுதியது, பதில், பதிலுக்குப் பதில், எல்லாம் துடைத்த பலகை மாதிரி போய்விட்டிருந்தன. ஒருவேளை நாளைக்கு வருமோ என்று மறுநாளும் திறந்து பார்த்தாள். பிறகு திறப்பதை விட்டுவிட்டாள்.

கூடத்துக்குப் போவதும் நின்றது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. அடுத்த ஞாயிறு அவர் குளிக்கவில்லை, அவளும் கிளம்பச் சொல்லவில்லை. உண்மை வெளியே வந்துவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்பார்கள். பாரம் இறங்கியதும் கைகளை எங்கே வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. அவளுக்காக அவரும் அவருக்காக அவளும் என்று ஒரு காரியம் இருந்தது. அது பொய்தான். ஆனால் அதற்காகவாவது சட்டைக்கு இஸ்திரி போட்டார்கள், ஒன்றாகத் தெருவில் நடந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் ஏதாவது ஒரு மின்விசிறியைக் கழற்றித் துடைப்பார். அவள் துவைத்த திரைச்சீலையையே திரும்பத் துவைப்பாள். சாப்பிடும் முன் இருவரும் கண்ணை மூடாமல் நேராகச் சோற்றில் கை வைத்தார்கள். அது அவ்வளவு அம்மணமாக இருந்தது.

உடம்பு சரியில்லையோ என்று கூடத்துக்காரர்கள் பழங்களோடு வந்து பார்த்தார்கள். "கொஞ்சம் ஓய்வு வேணும்" என்று கணவர் சொன்னார். தலைவர் கதவருகே நின்று உரத்த குரலில் வேண்டிக்கொண்டு போனார். பழங்கள் கூடையிலேயே வாடின.

அப்படியிருக்க, வேலை நாளொன்றின் காலையில் டீச்சரின் அழைப்பு வந்தது. அழுகையில் பாதிச் சொல்லை விழுங்கினாள்.

"அக்கா, இன்னைக்குத்தான் ஆபரேஷன். உள்ள கொண்டு போயிட்டாங்க. எனக்குன்னு யாரும் இல்லக்கா. நீங்களும் அண்ணாவும் வந்து வேண்டிக்கிட்டா என் பொண்ணு பொழச்சிடுவா. வருவீங்களா?"

கணவர் வேலைப் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"நாம போயி என்ன பண்றது?" என்றார்.

"தெரியல. தனியா உக்காந்திருக்கா."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, வேலையிடத்துக்குப் போன் செய்து விடுப்புச் சொன்னார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையாக இரும்பு நாற்காலிகள். எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே வாசனைதான். உள்ளே நுழைந்ததும் கணவரின் நடை தளர்ந்ததை அவள் கவனித்தாள். டீச்சர் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், திரும்ப எழுந்தாள். அவளை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. கூடத்துல சொல்ற மாதிரி."

கணவர் அவளைப் பார்த்தார். டீச்சரின் தலைக்கு மேலாக அவளும் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரண்டு பேருக்கும் ஒளிக்க ஒன்றுமில்லை. அவள் மெல்லத் தலையசைத்தாள்.

அவர் கண்ணை மூடினார். தாழ்ந்த குரலில் தொடங்கினார். "இந்தப் பொண்ணு உள்ள படுத்திருக்கு. பாத்துக்கோ. கத்தி பிடிக்கற கை நடுங்காம பாத்துக்கோ. இந்தம்மாவுக்கு வேற யாருமில்ல. இவங்க வீட்ட வெறிச்சோட வச்சிடாத. காலையில எழுப்பறதுக்கு ஒரு ஆள் வேணும், திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும், குறட்டை விட்டா சிரிக்கறதுக்கு..."

அங்கே நின்றது. டீச்சர் கண் மூடியபடி, மேலே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். மீதியை மறுபக்கத்தில் இருந்த அவள் எடுத்துக்கொண்டாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே ஞாபகம் இல்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை என்பது மட்டும் தெரியும். கேட்கிறவர் யாரும் அங்கே இருப்பதாகவும் தோன்றவில்லை.

பிற்பகலில் டாக்டர் வெளியே வந்தார். நல்லபடியாக முடிந்தது, இனி பயமில்லை, கொஞ்ச நேரத்தில் போய்ப் பார்க்கலாம் என்றார்.

டீச்சர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு இருவர் காலையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "உங்க வேண்டுதல்தான். உங்க வேண்டுதல்தான் அண்ணா. கடவுள் உங்க வார்த்தையத் தட்ட மாட்டார்னு எனக்குத் தெரியும்."

கணவர் குனிந்து அவளைத் தூக்கிவிட்டார். "நல்லா இருக்கட்டும்மா" என்றார். அவர் முகம் சுண்ணாம்பு பூசிய சுவர் மாதிரி இருந்தது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அவர் அழத் தொடங்கினார். மகளை அடக்கம் செய்த அன்றுகூட அவர் அப்படி அழுது அவள் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேர் நகர்ந்து போய் நின்றுகொண்டார்கள். இவர்கள் போகவேண்டிய பஸ் வந்தது, கதவைத் திறந்தது, காத்திருந்துவிட்டுப் போயிற்று.

"அன்னைக்கு முழுசா நம்பித்தான கேட்டோம்?" என்றார், கையை விலக்காமலே. "எத்தன பேரு கேட்டாங்க! இன்னைக்குப் பொய்யா நாலு வார்த்த சொன்னேன். இதுக்கு மட்டும் எப்படி?"

"டாக்டர் நல்லா பண்ணியிருக்காரு. அவ்வளவுதான்."

"அதுதான் எனக்கும் தெரியுமே." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அதில்ல. அந்தப் பொண்ணு பொழச்சிடுச்சுன்னு சொன்னப்ப எனக்கு சந்தோஷம் வரல. எரிச்சல்தான் வந்துச்சு. பத்திக்கிட்டு எரிஞ்சுது. நான் என்ன மனுஷன்?"

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். மகள் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அம்மா திட்டுவது இங்கே வரை கேட்டது.

"எனக்கும் சந்தோஷம் வரலங்க" என்றாள்.

அவர் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அவளைப் பார்த்தார். அடுத்த பஸ் கூட்டமாக வந்தது. அவளுக்கு மட்டும் இடம் கிடைத்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றார்.

சில வாரங்கள் கழித்து டீச்சர் போன் செய்தாள். மகள் நடமாடத் தொடங்கிவிட்டாளாம். ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வரப்போகிறாளாம், நேரலையில் நன்றி சொல்லப் போகிறாளாம். அண்ணாவும் அக்காவும் கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு கணவரிடம் சொன்னாள்.

அவர் கழற்றிய மின்விசிறி இறக்கை ஒன்றை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

"வரமுடியாதுன்னு சொல்லிடு."

"காரணம் கேப்பாளே."

"எதாவது சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

அவர் யோசித்தார். அவளும் யோசித்தாள். டீச்சர் மறுமுனையில் "அக்கா? அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்கேன் டீச்சர்" என்றாள் அவள். "பாக்கறோம்."